குடோனும் கூலியும்: கொச்சியின் கலைக்குத் துறைமுகம் விட்டுச்சென்றது

2012 டிசம்பர் 12 அன்று ஃபோர்ட் கொச்சியில் முதல் கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைவிழா தொடங்கியது. அன்றிரவு பரேட் மைதானத்தில் பாடியவர் ஈழத்தமிழ்க் குடும்பத்திலிருந்து லண்டனுக்குப் போய் உலகப் புகழ் பெற்ற எம்.ஐ.ஏ. அப்போதிலிருந்து இந்த ஊரைப் பற்றி ஒரே கதைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: வணிகம் நகர்ந்துவிட்டதால் உயிரற்றுக் கிடந்த துறைமுகக் கரைக்குக் கலை வந்து உயிர் கொடுத்தது, மிளகு மணந்த பண்டகசாலைகளில் ஓவியங்களும் நிறுவல்களும் குடியேறின. பயணக் கட்டுரைக்கு இந்தக் கதை போதும். ஆனால் கொச்சியின் கடந்த நூறாண்டுக் காலத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. துறைமுகம் மேற்குக் கொச்சிக்கு விட்டுச்சென்றவை மூன்று: காலிக் கட்டடங்கள், அங்கேயே தங்கிவிட்ட மனிதர்கள், வேலை கொடுப்பதில் ஒரு பழக்கம். கட்டடங்களைக் காட்சிக்கலை எடுத்துக்கொண்டது. மனிதர்களின் வாழ்க்கை இசைக்குள் போனது. மூன்றாவதான அந்தப் பழக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதுதான் இரண்டு கலைகளையும் இன்றுவரை ஆட்டிவைக்கிறது என்பது என் வாதம்.

முதலில் அந்தக் குடோன்கள் எப்படிக் காலியாயின என்பதைப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கொச்சி முகத்துவாரத்தை ஒரு மணல்திட்டு அடைத்துக்கொண்டிருந்தது. பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைத் தோணிகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு வணிக நிறுவனமும் காயலை ஒட்டித் தனக்கென்று ஒரு படித்துறையும் பண்டகசாலையும் கட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான். 1867-இல் ஜான் ஆஸ்பின்வால் தொடங்கிய நிறுவனத்தின் வளாகம் அப்படிப்பட்டது. பெப்பர் ஹவுஸும் அப்படித்தான். 1920-இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டி ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவை உருவாக்கினார். 1928-இல் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. கப்பல் நேராகத் தீவின் மேடையில் அணைய முடிந்த பிறகு, கரையோரத் தனிப் படித்துறைகளுக்கு மெல்ல மெல்ல வேலை குறைந்தது. அடுத்த அடி கன்டெய்னர் வடிவில் வந்தது. 1973-இல் ‘பிரெசிடென்ட் டைலர்’ என்ற கப்பல் கொச்சிக்கு வந்தபோது, இந்தியத் துறைமுகம் ஒன்று முதன்முறையாகக் கன்டெய்னரைக் கையாண்டது. மூட்டையை மூட்டையாகத் தூக்கிய தோள்களுக்கு அது என்ன செய்தி என்று அன்று எத்தனை பேருக்குப் புரிந்திருக்குமோ தெரியாது. 2011-இல் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்டபோது கன்டெய்னர்கள் வில்லிங்டன் தீவையும் விட்டுப் போயின. அந்த முனையத்துக்கான சாலைக்கும் ரயில் பாதைக்குமாக 2008-இல் மூலம்பிள்ளி உள்ளிட்ட இடங்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இதற்கிடையில், மட்டாஞ்சேரி யூதத் தெருவில் தரகர்கள் வாய்விட்டுக் கத்தி ஏலம் கேட்ட மிளகுச் சந்தை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கணினிக்குள் புகுந்து ஓசையடங்கியது. ஆக, பினாலே வந்து இறங்கிய வெற்றிடம் தானாக நேர்ந்ததில்லை. தோண்டியும், இயந்திரமாக்கியும், ஆட்களை அப்புறப்படுத்தியும் உண்டாக்கிய வெற்றிடம் அது.

வேலைப் பழக்கம் என்று நான் சொன்னதைக் கொச்சியில் ‘சாப்பா’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவார்கள். சாப்பா என்பது ஒரு உலோக வில்லை. காலையில் வேலை தேடித் திரண்டு நிற்கும் கூட்டத்துக்குள் ஒப்பந்ததாரரின் ஆள் வில்லைகளை வீசி எறிவான். முட்டி மோதி, மிதிபட்டு, ஒன்றைப் பொறுக்கி எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவர்களுக்கு அடுப்பு எரியாது. இந்த முறையை ஒழிக்கக் கோரித் தொழிலாளர்கள் நடத்திய நீண்ட போராட்டத்தின்போது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, அந்தோணி என்ற மூன்று பேரை அந்தப் போராட்டத்தின் தியாகிகளாக ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அந்த நாடகத்தை வைத்து அவருடைய மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதை எழுத, ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ 2023-இல் வெளியானது. சாப்பாவின் கொடுமை கூலி குறைவாக இருந்ததில் மட்டும் இல்லை. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாத நிலையே முதலாளியின் பலமாக இருந்தது. தேவைக்கு மேல் ஆட்களை வாசலில் நிற்க வைத்துவிட்டால் பேரம் பேச யாருக்கும் துணிவு வராது. துறைமுகம் என்பதே ஏற்ற இறக்கம் கொண்ட தொழில். ஒரு நாள் மூன்று கப்பல் வரும், அடுத்த வாரம் ஒன்றுகூட வராது. அந்த நிச்சயமின்மையின் முழுப் பாரத்தையும் தொழிலாளியின் தலைமேல் இறக்கி வைப்பதற்கான ஏற்பாடுதான் சாப்பா.

இனி கட்டடங்களுக்கு வருவோம். மேற்குக் கொச்சியில் கலை 2012-இல்தான் முளைத்தது என்று சொல்வது அநியாயம். அனூப் ஸ்கரியாவும் டோரி யங்கரும் 1997-இல் தொடங்கிய காஷி ஆர்ட் கஃபேதான் இங்கு இளம் ஓவியர்களுக்குச் சுவர் கொடுத்த முதல் இடங்களில் ஒன்று. போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் மும்பையில் பெயர் பெற்ற மலையாள ஓவியர்கள். அவர்கள் 5 கோடி ரூபாய் அரசுப் பணத்தோடு பினாலேவைத் தொடங்கியபோது, அந்தப் பணத்தைப் பற்றிய புகார்களும் வழக்குகளும் கூடவே வந்தன. அதையும் தாண்டி அது நடந்ததற்கு ஒரு காரணம் ஆஸ்பின்வால் போன்ற பெரிய கட்டடங்கள் சும்மா கிடந்ததுதான். அருங்காட்சியகம் கட்டப் பணமில்லாத மாநிலத்துக்குக் காலிக் குடோன் ஒரு வரம். அந்த இடங்கள் சிறந்த படைப்புகளையும் வரவழைத்தன. 2014-இல் அனிஷ் கபூர் கடலை நோக்கிய ஒரு அறையின் தரைக்குள் கருநீர்ச் சுழல் ஒன்றைச் சுழலவிட்டார். 2016-இல் சிலி நாட்டுக் கவிஞர் ரவூல் சூரிட்டா ஒரு நீண்ட குடோனில் முழங்காலளவு நீரை நிரப்பி, கடலில் மூழ்கிய அகதிக் குழந்தையின் துயரத்தை நோக்கிப் பார்வையாளர்களை அந்த நீரில் இறங்கி நடக்க வைத்தார். வெள்ளைச் சுவர் கொண்ட நகரக் கூடங்களில் இவை இந்த அளவுக்குத் தைத்திருக்கா. இந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை.

ஆனால் பெயரைக் கவனிக்க வேண்டும். விழாவின் பெயரில் கொச்சியோடு சேர்ந்து முசிறி இருக்கிறது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைப் பாடும் அகநானூற்றைப் படித்த நமக்கு அந்தப் பெயர் இனிக்கத்தான் செய்யும். பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வில் ஒதுக்கப்பட்ட பானை ஓடுகளைக் கொண்டு விவான் சுந்தரம் முதல் பினாலேவில் அமைத்த ‘பிளாக் கோல்டு’ இந்தத் தொன்மையைக் கண்முன் நிறுத்தியது. இருந்தாலும் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய துறைமுகத்தை அழைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. அங்கே வணிகர்கள் தெரிவார்கள், சரக்கு தெரியும், பல மொழிகளும் பல மதங்களும் கூடிவாழ்ந்த அழகு தெரியும்; சுமந்தவர்கள் கேட்கும் கூலிப் பாக்கி தெரியாது. 1953-ஐ அழைத்திருந்தால் அந்த வசதி இருந்திருக்காது. விழாவின் சின்னமாக முசிறி நின்றதும், சாப்பா அந்த இடத்துக்கு வராததும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்: பினாலேவின் படைப்புகளே உழைப்பையும் அடிமைத்தனத்தையும் பேசுகின்றனவே? பேசுகின்றன. டச்சுக் கம்பெனி கொச்சி போன்ற துறைகளிலிருந்து மனிதர்களைப் பிடித்துக் கேப் டவுனில் விற்றதை, 2018-இல் தென்னாப்பிரிக்க ஓவியர் சூ வில்லியம்சன், விற்கப்பட்டவர்களின் பெயர்களை எழுதிய பருத்திச் சட்டைகளைச் சேற்றில் தோய்த்துத் தொங்கவிட்டுக் காட்டினார். அந்தச் சட்டைகளின்முன் நின்று ‘இந்தக் கலைக்கு உழைப்பைப் பற்றி அக்கறையில்லை’ என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு படைப்பு எதைப் பேசுகிறது என்பது ஒன்று, அந்தப் படைப்பைச் சுவரில் ஏற்றுகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பது இன்னொன்று. முன்னதை வைத்துப் பின்னதற்குக் கணக்கு முடிக்க முடியாது. 2018-ஆம் ஆண்டுப் பதிப்பே இதற்குச் சாட்சி. அனிதா துபே பொறுப்பேற்று நடத்திய அதன் தலைப்பு, அந்நியமாகாத ஒரு வாழ்வுக்கான சாத்தியங்களைப் பற்றியது. பங்கேற்றவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கேரளத்தின் பெருவெள்ளம் வடிந்த சில மாதங்களில் அது நடந்தது. பினாலேவின் வரலாற்றிலேயே அரசியல் கூர்மை மிகுந்த பதிப்பு அதுதான் என்பது என் கணிப்பு. அது முடிந்ததும், கட்டுமான வேலைகளைச் செய்த ஒப்பந்த நிறுவனம் தனக்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்று பொதுவெளிக்கு வந்தது. பினாலேவை நடத்தும் அறக்கட்டளை அந்தக் கணக்கையே மறுத்தது. யார் சொன்ன தொகை சரி என்று தீர்ப்பளிக்க நமக்குச் சான்றில்லை. ஆனால் வேலை நடந்து முடிந்த பிறகு கூலி எவ்வளவு என்று வாதாடும் நிலை, அந்தக் கரைக்குப் பழக்கமான ஒன்று.

2022-இல் நடந்ததும் இதே வகை. கோவிட் காரணமாக இரண்டு ஆண்டு தள்ளிப்போன பதிப்பு அது. டிசம்பர் 12 அன்று திறக்க வேண்டியது, கடைசி நேரத்தில் 23-ஆம் தேதிக்குத் தள்ளி வைக்கப்பட்டது. மழை, சரக்கு வந்துசேர்வதில் தாமதம், பணத் தட்டுப்பாடு எனக் காரணங்கள் சொல்லப்பட்டன. பங்கேற்ற ஓவியர்கள் பலர் கூட்டாக ஒரு திறந்த மடல் எழுதினார்கள். படைப்புகள் நேரத்துக்கு வரவில்லை, கூடங்கள் தயாராகவில்லை, பணியாளர்கள் போதவில்லை, தகவல் சொல்லும் முறையே இல்லை என்பது அதன் சாரம். இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட: பணமில்லாத நாட்டில் ஓவியர்களே முன்னின்று நடத்தும் விழா இது, வெனிஸைப் போல நூற்றாண்டுக் கட்டமைப்பு இதற்கு இல்லை, குளறுபடி வறுமையின் விளைவு, சுரண்டலின் விளைவு இல்லை. இதில் பாதி உண்மை. ஆனால் மீதிப் பாதியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை, சுமார் 108 நாள் மட்டும் விழித்திருக்கும் அமைப்பு இது. திறப்பு நாளுக்குமுன் சில வாரங்களுக்கு நூற்றுக்கணக்கான தச்சர்கள், மின்பணியாளர்கள், பாரம் தூக்குகிறவர்கள், தன்னார்வ இளைஞர்கள் தேவைப்படுகிறார்கள். முடிந்த மறுநாள் யாரும் தேவையில்லை. கப்பல் வரும் நாளும் வராத நாளும் போல. நிதி தாமதமானால், சரக்கு தாமதமானால், அதை முதலில் தாங்குகிறவர் வரிசையின் கடைசியில் நிற்கிறவர். வறுமையின் பாரத்தை யார் சுமப்பது என்பதும் ஒரு தேர்வுதான். சாப்பாவை நியாயப்படுத்தியவர்களும் கப்பல் வரத்து தங்கள் கையில் இல்லை என்றுதான் சொல்லியிருக்க முடியும்.

இசையின் பக்கம் திரும்பினால் காட்சி வேறு. சில சதுர கிலோமீட்டருக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் வாழும் மட்டாஞ்சேரியில் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் தக்கணியும் தமிழும் ஒரே தெருவில் காதில் விழும். தக்கணி பேசும் குடும்பத்தில் 1926-இல் பிறந்த மெஹ்பூப், முறையாகச் சங்கீதம் கற்றவரில்லை. திருமண வீடுகளிலும் மாடி அறைகளில் கூடும் மெஹ்ஃபில்களிலும் பாடிப் பாடி வளர்ந்த குரல் அது. ‘நீலக்குயில்’ போன்ற படங்களிலும் பாடினார். ஆனாலும் மட்டாஞ்சேரிக்கு அவர் மெஹ்பூப் பாய்தான். அவருக்குத் தபலா வாசித்த ஒரு இளைஞர் பின்னாளில் உம்பாயி என்ற பெயரில் மலையாள கஸலுக்கு முகவரி ஆனார், 2018-இல் மறைந்தார். கரையோர லத்தீன் கத்தோலிக்கர்களிடம் இன்னொரு மரபு இருக்கிறது. மரப்பலகை மேடையை அதிர மிதித்து ஆடும் சவிட்டு நாடகத்தின் பாடல்கள் தமிழ் கலந்த மொழியில் இருப்பவை. ஃபிராங்கியப் பேரரசன் சார்லமேனின் கதையைச் சொல்லும் ‘காறல்மான் சரிதம்’, தமிழகத்திலிருந்து வந்தவராகச் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவியின் ஆக்கமாகக் கருதப்படுகிறது. மீனவரும் கூலித் தொழிலாளரும் வெல்வெட் அங்கியும் கிரீடமுமாக ஐரோப்பிய அரசர்களாகி, நம் காதுக்குப் பாதி புரியும் தமிழில் பாடுவது தமிழ் வாசகர் ஒருமுறையாவது கேட்க வேண்டிய விந்தை. இந்த இசைகளுக்குப் பெரிய கட்டடம் வேண்டியிருக்கவில்லை. துறைமுகம் கொண்டுவந்து சேர்த்த மனிதர்கள், கப்பல் போன பிறகும் அங்கேயே இருந்தார்கள். இசையும் அவர்களோடு தங்கிவிட்டது.

இதை இப்படியே விட்டால் பழம்பெருமை பேசுவதாகிவிடும். ‘உண்மையான’ மக்கள் இசை ஒருபுறம், ‘இறக்குமதியான’ பினாலே மறுபுறம் என்று பிரித்தால் கட்டுரை எழுத எளிது. ஆனால் மெஹ்பூபின் வாழ்க்கை அதற்கு இடம் கொடுக்காது. ஊரே கொண்டாடிய அந்தப் பாடகர் 1981-இல் வறுமையில் இறந்தார். மெஹ்ஃபில் என்பது வணிகர் வீட்டு விருந்தின் தாராளத்தை நம்பிய ஏற்பாடு. இன்றைக்குப் பாட்டு உண்டு, நாளைக்கு அழைப்பு வருமா தெரியாது. பாடகனுக்கும் எறியப்பட்டது ஒருவகைச் சாப்பாதான், கைதட்டலோடு எறியப்பட்டது என்பதுதான் வேறுபாடு. எனவே கட்டடத்தைக் கலையும் மனிதரை இசையும் எடுத்துக்கொண்டன என்று முதலில் நான் பிரித்த கோடு ஓர் இடத்தில் அழிகிறது. வேலை கொடுக்கும் பழக்கம் என்ற மூன்றாவது சொத்தில் இரண்டுக்கும் பங்கு இருக்கிறது.

இன்றைய கொச்சி இசைக்குச் சோறு போடுவது துறைமுகமும் இல்லை, பினாலேவும் இல்லை, சினிமா. ஒரு காலத்தில் மலையாளப் படத்துக்குப் பாட வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். கோடம்பாக்கத்திலிருந்து அந்தத் தொழில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேரளத்துக்குத் திரும்பியபோது ஒலிப்பதிவுக் கூடங்களும் இசையமைப்பாளர்களும் காயலின் கிழக்குக் கரையில், எர்ணாகுளத்தில் திரண்டார்கள். ராக் இசைக்குழு மதர்ஜேன் தொடங்கித் தைக்குடம் பிரிட்ஜ்வரை வாத்தியம் ஏந்திய இளைஞர்களுக்குப் பின்புலமாக இருந்தது இந்த நகரம்தான். யாழ்ப்பாணத் தமிழ்த் தாய்க்குப் பிறந்த, திருச்சூரைச் சேர்ந்த ராப் பாடகர் வேடன் சாதியையும் நிலத்தையும் பாடிப் பெயர் பெற்றார். கொடைக்கானல் குகைக்கு வந்த கொச்சி இளைஞர்களைப் பற்றிய ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில், சுஷின் ஷ்யாம் இசையில் அவர் எழுதிப் பாடிய ‘குதந்திரம்’ தமிழ்நாட்டிலும் ஒலித்தது. பினாலேவில் அரசியலைத் தேடுகிறவர்கள் இந்தப் பாடல்களையும் கேட்டால் நல்லது. எர்ணாகுளத்தின் கம்மட்டிப்பாடம் போன்ற இடங்களில் நகரம் விழுங்கிய நிலத்தைப் பற்றிக் காட்சிக்கலை சுற்றி வளைத்துச் சொல்வதை இவை நேராகச் சொல்கின்றன. ஆனால் சினிமாவும் படத்துக்குப் படம் கூலி கொடுக்கும் தொழில். தயாரிப்பாளர் கையை விரித்தால் வாத்தியக்காரர் எங்கே போய் முறையிடுவார்?

இன்னொரு குற்றச்சாட்டு அடிக்கடி வைக்கப்படுகிறது: பினாலே வந்ததால் வாடகை ஏறியது, உள்ளூர்க்காரர்கள் வெளியேறினார்கள் என்று. இதில் பினாலேவின் பக்கம் நிற்கவே எனக்கு விருப்பம். ஃபோர்ட் கொச்சியின் வீடுகள் ஹோம்ஸ்டேக்களாக மாறியதும், பழைய மாளிகைகள் விடுதிகளானதும் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. அதோடு, குடும்பத்தோடு வந்து நுழைவுச்சீட்டு வாங்கி நவீனக் கலையைப் பார்த்துவிட்டுப் போகும் கூட்டம் இந்தியாவில் வேறெங்கும் இப்படிக் கூடியதில்லை. முதல் பதிப்புக்கே நான்கு லட்சம் பேர் வந்ததாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். அதில் பாதியென்று வைத்துக்கொண்டாலும் பெரிய சாதனை. என் கேள்வி பார்க்க வந்தவர்களைப் பற்றியது இல்லை, பின்கட்டில் நின்றவர்களைப் பற்றியது.

அறக்கட்டளைக்கு வேறுவிதமாக நடக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2014 முதல் எர்ணாகுளம் பொது மருத்துவமனையில் மெஹ்பூப் நினைவு இசைக்குழுவோடு சேர்ந்து நோயாளிகளுக்காக அது நடத்தி வந்த வாராந்திர இசை நிகழ்ச்சி இதற்குச் சான்று. பினாலே நடக்கும் மாதமா இல்லையா என்று பாராமல், வாரம் ஒருமுறை, குறித்த இடத்தில் பாட்டு. உலகக் கலைப் பத்திரிகைகள் இதற்கு அதிகப் பக்கம் ஒதுக்கவில்லை. ஆனால் காட்சிக்கலையின் நிறுவனமும் மட்டாஞ்சேரியின் இசையும் உண்மையாகவே சந்தித்துக்கொண்ட இடம் தொடக்கவிழா மேடைகளைவிட இதுதான் என்று நினைக்கிறேன். காரணம் எளியது: அடுத்த வாரம் வருவோம் என்ற உறுதி இதில் இருந்தது.

துறைமுகத் தொழிலாளர்கள் சாப்பாவுக்கு மாற்றாகப் பெற்றதும் அந்த உறுதியைத்தான். 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் பின்னர் கொச்சியிலும் வாரியம் அமைந்தது. அதன் வழிமுறையில் கவித்துவம் ஏதுமில்லை: தொழிலாளர்களின் பதிவேடு ஒன்று, சுழற்சி முறையில் வேலை, கப்பல் வராத நாளிலும் வந்து நின்றவனுக்குக் குறைந்தபட்ச ஊதியம், அதற்காகச் சரக்கு முதலாளிகளிடமிருந்து முன்கூட்டியே வசூலிக்கும் தொகை. ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது; அதன் பாரம்தான் இடம் மாறியது. இதே ஏற்பாட்டைச் சிறிய அளவில் கலைக்குச் செய்ய என்ன தடை? நிறுவல் பணியாளர்கள், தச்சர்கள், ஒலி-ஒளிக் கலைஞர்கள், மேடை வாத்தியக்காரர்கள் அடங்கிய ஒரு பதிவேடு. திறப்பு நாளுக்கு முன்பே தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்த கூலித்தொகை. விழா தள்ளிப்போனால் காத்திருந்த நாளுக்கும் ஊதியம். செலவு கூடும், படைப்புகளின் எண்ணிக்கை குறையும், வெளிநாட்டிலிருந்து வரும் சில பெரிய பெயர்களை இழக்க நேரும் என்று சொல்வார்கள். குறையட்டும். பத்து படைப்புகள் குறைந்த பினாலேவைப் பார்வையாளர் எவரும் குறையென்று நினைக்கப்போவதில்லை. இந்த விழாவுக்குப் பெரும்பணம் கொடுத்து வந்திருப்பது கேரள அரசு. சாப்பாவுக்கு எதிரான போராட்டத்தைத் தங்கள் வரலாற்றின் பகுதியாகச் சொல்லிக்கொள்ளும் கட்சிகள் அந்த அரசில் மாறி மாறி அமர்ந்திருக்கின்றன. மானியத்தை விடுவிக்கும் ஆணையில் கூலிக் கணக்கு முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சட்டசபைகூடக் கூட வேண்டியதில்லை.